எட்டணா டிக்கெட்டில் ஒரு பிணம்

கிர்ர்ர்... கிர்ர்ர்...

நாமக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மணி அலறியது.

ரோசி டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்தாள். பலகையில் பதினேழாம் நம்பரின் குட்டிக் கதவு விழுந்து கிடந்தது. ஒயரைச் செருகினாள்.

"நம்பர் ப்ளீஸ்."

"முப்பத்தொண்ணு குடுங்க."

ஆண் குரல். வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல்!

முப்பத்தொன்று, மாதா கோயில் சாமியார் பங்களா; பின்னாலிருக்கும் அநாதை இல்லத்துக்கும் அதே போன்தான். ரோசி இணைப்புக் கொடுத்தாள். லைன் சேர்ந்துவிட்டதா என்று ஒரு கணம் கேட்டுவிட்டுக் காதை எடுத்துவிட வேண்டும். அதுதான் சட்டம்.

ஒரு கணம் கேட்டாள்.

காதை எடுக்கவில்லை.

"மரியபுஷ்பம் டீச்சருங்களா?"

"ஆமா, பேசறேன்."

"ஞாயித்துக்கெழமை நாடகத்தை நிறுத்திப் போடுங்க. நிறுத்தலையின்னா..." குரல் இருமியது. "மேடையில ஒரு பொணம் உழுமுங்க."

லைன் செத்தது.

கொலை மிரட்டலில்கூட மரியாதை குறையவில்லை. ஆனால் ரோசியை உறைய வைத்தது அது இல்லை.

பதினேழாம் நம்பர்... கந்தவேல் லாரி பாடி பட்டறை.

ஞாயிற்றுக்கிழமை நாடகத்தில் ராஜா வேஷம் கட்டப் போகிறவர் யார்? அதே கந்தவேல் முதலாளி!

சும்மா பொழுதுபோக்குக்கு நடக்கிற நாடகம் இல்லை அது. கோயிலுக்குப் பின்னால் மரியபுஷ்பம் டீச்சர் ஓர் அநாதைப் பிள்ளைகள் இல்லம் நடத்தி வந்தார். தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு அங்கே சோறும் படுக்கையும் கிடைக்கும். தாய்க்கு இடம் கிடையாது. இருந்த கூடத்தில் பிள்ளைகள் திரும்பிப் படுக்கவே இடம் போதவில்லை.

லாரி கிளீனர் ரங்கன் ஏற்காட்டு மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்த பிறகு, அவன் மனைவி குஞ்சம்மாள் மூன்று பிள்ளைகளை அங்கேதான் விட்டாள். அவள் படுக்கை, யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டகையில். பகலெல்லாம் பருத்தி அரவை மில்லில் வேலை. சாயங்காலம் இல்லத்துக் கம்பிக் கதவுக்கு வருவாள். கடைக்குட்டி உள்ளேயிருந்து கையை நீட்டும். விளக்கு அணைக்கிற வரைக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பாள்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் தாயும் பிள்ளையும் சேர்ந்து இருக்க ஒரு நீள வீடு கட்ட ஆரம்பித்தார் டீச்சர். ஊரார் கொடுத்த செங்கல்லில் சுவர் எழும்பிவிட்டது. கூரை இல்லை. ஐப்பசி மழையோ திருச்செங்கோடு வரைக்கும் வந்துவிட்டது.

நாடக வசூல்தான் கூரை!

நாடகம் நின்றால்?

ரோசி டியூட்டி முடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். அவள் சித்தப்பா லாசர், அங்கே ஏட்டு.

"சித்தப்பா... ஒரு கொலை நடக்கப் போவுது."

லாசர் டீயை ஊதினார்.

"நடந்தப்புறம் வா சாமி. நடக்கறதுக்கு முந்தி கேஸ் எழுத ஃபாரம் கெடையாது."

ரோசி மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். லாசர் மீசையைத் தடவினார்.

"லைன்ல அடுத்தவங்க பேசறதை நீ எதுக்குக் கேட்டே? வெளிய தெரிஞ்சா ஒன்ற வேலைக்கு வேட்டு."

"அதனாலதான் ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

"பட்டறையில போனை யாரு யாரு தொடுவாங்க?"

"ரெண்டே பேரு. மொதலாளி. அப்புறம் மேஸ்திரி மணியன்."

"மணியனா? அவருதானே வருஷா வருஷம் ராஜா வேஷம் கட்டுவாரு?"

"இந்த வருஷம் நன்கொடை குடுத்தாருன்னு மொதலாளிக்கு அந்த வேஷம் போயிருச்சு. மணியன் சேனாதிபதி."

"சேனாதிபதிக்கு என்ன வேலை?"

"மூணாவது காட்சியில வாளை உருவிக்கிட்டு ராஜாவைக் குத்த வருவாரு."

லாசர் டீயைக் கீழே வைத்தார்.

*

மறுநாள் பட்டறை. இழைப்புளிச் சத்தம். மரத்தூள் வாசனை. பாதி எழும்பிய லாரி பாடிக்குப் பக்கத்தில் கந்தவேல் முதலாளி நின்றிருந்தார். ஆறடி உயரம், ஊருக்கே கேட்கிற தொண்டை. வேலையைவிட உயிர் பெரிது என்று ரோசி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆனது.

"எங்க போன்ல இருந்தா? அது எப்படி அம்மிணி ஒனக்குத் தெரியும்?"

"பலகையில நம்பர் உழுமுங்களே."

"அடக் கெரகமே..."

முதலாளி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க கொஞ்சம் சாக்கிரதையா இருக்கோணுமுங்க. ஒங்க கூட இருக்கறவங்களே..."

"அதை உடு அம்மிணி. டீச்சர்கிட்டச் சொல்லி நாடகத்தை நிறுத்தச் சொல்லு. நாஞ்செத்தா பரவாயில்லை. முன்னால உக்காந்திருக்கற சனத்துக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

ரோசியின் கண் கலங்கிவிட்டது. தன் உயிரைப் பற்றிக் கவலைப்படாத மனுஷர்!

பக்கத்தில் மணியன் ஒரு தகரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ரோசியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. மறுபடியும் தட்டினார்.

அங்கிருந்து நேராக டீச்சரிடம் போனாள்.

மரியபுஷ்பம் டீச்சர் நாடகத்துக்குக் கிரீடம் ஒட்டிக்கொண்டிருந்தார். குள்ள உருவம், தடித்த கண்ணாடி.

"நிறுத்திரலாங்களா டீச்சர்?"

"நிறுத்தினா கூரைக்கு என்ன பண்றது? மழை வந்தா கட்டின சுவரும் கரைஞ்சுரும். குஞ்சம்மா இன்னும் எத்தனை நாளைக்குக் கம்பிக்கு அக்கட்ட உக்காந்திருப்பா?"

"பயமா இல்லீங்களா?"

"இருக்குது. அந்தப் பசையை இங்கிட்டுத் தள்ளு. யார்கிட்டயும் மூச்சு விடாதே ரோசி."

ரோசி மூச்சு விடவில்லை.

ஆனால் மறுநாள் காலையில், கடைவீதியில் கத்தரிக்காய் வாங்கப் போனவளிடம் காய்கறிக்காரி பொன்னாயி குனிந்து கிசுகிசுத்தாள்.

"விசயந் தெரியுமா? ஞாயித்துக்கெழமை மேடையில ஒருத்தரைக் கொல்லப் போறாங்களாம்."

ரோசியின் கையிலிருந்த பை நழுவியது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. அதுவரைக்கும் தூங்கிக் கிடந்த எட்டணா டிக்கெட், பறந்தது! ராசிபுரத்துக்காரர்கள் ஒரு பஸ் நிறைய வருவதாகச் சேதி. முன்வரிசை வேண்டும் என்று இரண்டு நெய் வியாபாரிகள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

லாசர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ரோசி, எங்கிருந்து கசிஞ்சுது? எக்ஸ்சேஞ்சுல இருந்துதான்னு ஒங்க ஆபீசர் சொல்லிட்டா என்ன பண்ணுவே?"

"சத்தியமா நான் இல்லை சித்தப்பா."

அவள் சொன்னதை அவரே முழுசாக நம்பினாரா என்று தெரியவில்லை.

*

ஞாயிறு மாலை. கோயில் மைதானம்.

பெஞ்சு போதாமல் ஜனங்கள் மதில்மேல் ஏறியிருந்தார்கள். பெட்ரோமாக்ஸ் உஸ்ஸென்று இரைந்தது. ஒருவர் முகத்திலும் நாடகம் பார்க்க வந்த களை இல்லை. எல்லார் கண்ணும் ஒன்றையே தேடியது.

யார் அந்தப் பிணம்?

ரோசி படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுக்க வேண்டியவள். லாசர் ராஜாவுக்கு வைத்த சோடாவை முதலில் தான் குடித்துப் பார்த்தார். சந்தேகம் தீராமல் இன்னொன்றும் குடித்தார்.

முதல் காட்சி... ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் காட்சி... ராஜா எழுந்து, "மந்திரி..." என்றார். அப்புறம் ஒரு பெரிய மௌனம். ரோசி வசனத்தை மூன்று தடவை எடுத்துக்கொடுத்தாள். ராஜா மறுபடியும், "மந்திரி..." என்றார். காட்சி முடிந்தது.

மூன்றாம் காட்சி!

மணியன் நுழைந்தார். மீசை துடித்தது.

"மன்னா... உன் ஆட்சி இன்றோடு முடிந்தது!"

வாளை உருவினார்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அது பளிச்சென்று மின்னியது. ஒத்திகையில் இருந்தது அட்டை வாள். இது அட்டை இல்லை...

தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் ரோசியின் காதுக்குள் ஒலித்தது.

படுதாவைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தாள். மணியனின் காலைக் கட்டிக்கொண்டாள். இருவரும் உருண்டார்கள். வாள் ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம்...

தொப்!

ராஜா விழுந்துவிட்டார்.

அசைவில்லை.

"ஐயோ, என்ற ஊட்டுக்காரரைக் கொன்னு போட்டாங்களே!" முன்வரிசையிலிருந்து முதலாளியின் மனைவி நல்லம்மாள் அலறினாள். லாசர் விசிலை ஊதிக்கொண்டு கூட்டத்தைப் பிளக்கப் பார்த்தார். கூட்டம் வழிவிடவில்லை. அவரவர் டிக்கெட்டுக்கு அவரவர் பிணத்தைப் பார்க்க வேண்டாமா?

ரோசி முழங்காலிட்டு ராஜாவின் நெஞ்சில் காதை வைத்தாள்.

இதயம், பட்டறை சுத்தியல் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

ராஜா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நாஞ்செத்துட்டேன்னு சொல்லிரு அம்மிணி."

"என்னது? எங்க குத்துச்சு?"

"எங்கியும் குத்துல. மெதுவாப் பேசு. வசனம் மறந்து போச்சு."

ரோசிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் புரிந்தது.

"அப்ப... அந்தப் போன்?"

"நாந்தான். துண்டைப் பொத்திக்கிட்டுப் பேசினேன்."

"ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"நோட்டீசுல என்ற பேரைக் கொட்டை எழுத்துல போட்டுட்டாங்க. நல்லம்மா சொந்தபந்தத்தையெல்லாம் வரச் சொல்லிட்டா. பயமா இருக்குதுன்னு எந்த வாயில சொல்றது? லாரி மேல ஏறச் சொல்லு, ஏறறேன். மேடையில ஏறினா காலு வேற யாருதோ மாதிரி ஆயிருது."

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் குஞ்சம்மாள் நிற்பது ரோசியின் கண்ணில் பட்டது. இடுப்பில் கடைக்குட்டி. இன்றைக்கு ஒரு நாள்தான் கம்பிக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். பாவம் பறந்துவிட்டது. கோபம் வந்தது.

"நாடகம் நின்னிருந்தா அந்தப் பிள்ளைக மழையில நின்னிருக்கும். நெனைச்சுப் பாத்தீங்களா?"

ராஜாவின் திறந்திருந்த கண்ணில் நீர் கோத்தது. அது நடிப்பு இல்லை. நடிக்கத்தான் அவருக்கு வராதே.

"நீங்க எந்திரிச்சா ஊரு சிரிக்கும். எந்திரிக்காட்டி பொதைக்கோணும். எது வேணுமுங்க?"

"வேற வழி எதும் இல்லையா அம்மிணி?"

"இருக்குது. ராஜா செத்த மாதிரியே திரையை எறக்கிடறேன். கூரைக்கு மரம் ஒங்களுது."

"டிக்கெட்டு வசூல் இருக்குதே..."

"அது பிள்ளைகளுக்குப் பாய், போர்வை, அடுப்பு, பாத்திரம்."

பிணம் யோசித்தது.

"சரி. மரம் தாரேன்."

"ஆளும்."

"செத்தவங்கிட்ட இப்படியா பேரம் பேசுவே? ...ஆளும் தாரேன். மொதல்ல திரையை உடு."

ரோசி எழுந்தாள். வாளை மிதித்தாள். வளைந்தது. தகரத்தின் மேல் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றியிருந்தார் மணியன். நல்ல வாள் இல்லாமல் என்ன சேனாதிபதி என்ற ஆதங்கம், அவ்வளவுதான்! அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பேய் அறைந்த மாதிரி நின்றிருந்தார்.

"மேஸ்திரி," ரோசி கிசுகிசுத்தாள். "மன்னிச்சுருங்க. ராஜா செத்துட்டாரு. அழுவுங்க."

மணியனுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மன்னா..." என்று ஒரு குரல் எடுத்தார் பாருங்கள்! மைதானம் அடங்கிப் போனது. நெய் வியாபாரிகள் மூக்கைச் சிந்தினார்கள். லாசர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு அழுதார், அது பீ... பீ... என்று கேட்டது. திரை விழுந்தபோது எழுந்த கைதட்டல், மலைக்கோட்டையில் முட்டித் திரும்பியது.

*

மழைக்கு முன்னால் கூரை ஏறிவிட்டது.

பட்டறை ஆசாரிகள் மொத்தமாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு லாரி பாடிதான் தெரியும், வீடு தெரியாது. அதனால் தாயும் பிள்ளையும் இல்லம் லாரி மாதிரியே எழும்பியது. பக்கவாட்டில் மஞ்சள் பட்டை, பச்சைப் பட்டை. பெயின்டர் பழக்க தோஷத்தில் வாசற்படிக்கு மேல் 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுதி வைத்துவிட்டான்.

குஞ்சம்மாள் மூன்று பிள்ளைகளோடு உள்ளே போன அன்றைக்கு, கந்தவேல் முதலாளி வாசலில் வந்து நின்று, தானே வாயால் "பாம்... பாம்..." என்றார். கடைக்குட்டி விழுந்து விழுந்து சிரித்தது. மேடையில் பேச வராத மனுஷர், அந்தப் பிள்ளைக்காக அதையே பத்துத் தடவை சொன்னார்.

ரோசிக்கு மட்டும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. டீச்சரைத் தனியாகப் பிடித்தாள்.

"டீச்சர், ஊருக்கெல்லாம் பரப்புனது நான் இல்லீங்க. நீங்களாச்சும் நம்போணும்."

"நம்பறேன். ஏன்னா, பரப்புனது நான்."

"நீங்களா?"

"கந்தவேலு மூணாங்கிளாசுல என்கிட்டப் படிச்சவன். மனப்பாடம் ஒப்பிக்கச் சொன்னா இப்படித்தான் இருமுவான். போன்ல இருமினதுமே ஆளு தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா நடிக்க உட்டீங்க?"

"அதுவரைக்கும் டிக்கெட் வாங்கினது அவன் சொந்தக்காரங்க மட்டுந்தான். என்ன பண்றது? பொன்னாயிகிட்டப் போய், யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லி, வந்த போனைச் சொன்னேன். அவ்வளவுதான்."

"இது பாவம் இல்லீங்களா டீச்சர்?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் மனசு கேக்கல ரோசி. சாமியார்கிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்."

"சாமியார் என்ன சொன்னாரு?"

"கோயில் மணிக்கூண்டு ஒழுவுதாம். ஈஸ்டருக்குள்ள இன்னொருத்தரைக் கொல்ல முடியுமான்னு கேட்டாரு."