படகு கவிழ்ந்த பிறகு ஒரு படம்

செத்துப் போனவள் கறுப்புப் பற்கள் தெரியச் சிரித்தாள்.

ஷ்யாமளா நெகட்டிவ் சுருளைக் கண்ணருகே கொண்டு வந்தாள்.

நெகட்டிவ்வில் எல்லோருக்கும் பல் கறுப்புதான். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள் அதற்கெல்லாம் பயப்பட மாட்டாள்.

அவள் பயந்தது வேறு விஷயத்துக்கு...

நியூஜெர்சி. 1997. ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு புடவைக் கடைக்கும் ஸ்வீட் ஸ்டாலுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த போட்டோ கடை. ஷ்யாமளாவுக்கு அங்கே வேலை. யார் முகத்தையும் பார்த்துப் பேசக் கூச்சம். ஆனால் பக்கத்து ஊரான பிஸ்கட்டவே தமிழர்களின் சீமந்தம், பர்த்டே, நயாகரா எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

இந்தச் சுருளைக் கொடுத்தவன் அனந்தராமன்.

மருந்து கம்பெனி வேலை. கிரீன் கார்டு. மனைவியை இழந்தவன். வருகிற சனிக்கிழமை ஷ்யாமளாவை நிச்சயம் செய்து கொள்ளப் போகிறவன்!

"கோயில், கடைத்தெரு பார்க்கலாம்னு பாங்காக் போனோம். போன மறுநாளே மிதக்கும் சந்தையில படகு கவுந்து... என் ராஜலக்ஷ்மி போயிட்டா!"

அவன் அழுத அழுகையில், ஊர் மாமிகள் ஆறு மாதமாக முறை வைத்து சாம்பார் கொண்டு போய்க் கொடுத்தார்கள்.

நிச்சயதார்த்தத்தில் மூத்தவள் படத்துக்கு மாலை போட்டு, புதுப்பெண் விழுந்து கும்பிட வேண்டுமாம். அதற்குத்தான் இந்த ரோல். கேமராவிலேயே கிடந்தது. ரோல் முடியாமல் கழுவக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. மிச்சத்தைப் புதுக் காரைப் படமெடுத்துத் தீர்த்திருந்தான்.

ஷ்யாமளா சுருளை மறுபடி வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்தாள்.

முதலில் மரகத புத்தர் கோயில். ராஜலக்ஷ்மி கை கூப்பி நின்றாள்.

அடுத்து மிதக்கும் சந்தை. மாம்பழக் கூடைகளுக்கு நடுவே படகில் ராஜலக்ஷ்மி.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

அதற்கும் அடுத்த படம்...

ராத்திரி. நியான் விளக்குகள். ஒரு பார். படகில் கட்டியிருந்த அதே புடவையில் ராஜலக்ஷ்மி. கையில் உயரமான கிளாஸ். அதன் மேல் குட்டிக் குடை. நெகட்டிவ்வில் பானம் பச்சை. அப்படியானால் நிஜத்தில் ரோஸ்!

செத்தவள் எப்படி காக்டெயில் குடிப்பாள்?

மனிதன் பொய் சொல்லலாம். ஃபிலிம் பின்பக்கமாக ஓடாது!

படகு கவிழவே இல்லை. அப்படியானால்...

"கொன்னுட்டான்!"

டாலஸில் இருக்கும் நாகமணி அண்ணிக்கு போன் போட்டாள். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவளே அவள்தான். அண்ணி சொல்லி ஷ்யாமளா ஒன்றை மறுத்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆன்சரிங் மெஷின் பேசியது.

"அண்ணி... உடனே கூப்பிடுங்க... ப்ளீஸ்!"

போனை வைத்தாள். கடைக் கதவின் மணி கிணுகிணுத்தது.

அனந்தராமன்!

"படம் ரெடியா ஷ்யாமளா?"

"அ... அரை மணி ஆகும்."

"பரவால்ல. இருக்கேன்."

கோட்டுப் பைக்குள் கை விட்டான்.

ஷ்யாமளா ஒரு அடி பின்வாங்கினாள்.

அவன் வெளியே எடுத்தது... ஒரு சந்தன மாலை!

"படத்துக்கு அளவு சரியா இருக்குமான்னு பார்க்கணும்" என்றபடி வெளிச்சப் பெட்டியின் மேல் குனிந்தான். அவன் முகம் வெளுத்தது.

"இ... இந்தப் படமும் இந்த ரோல்லதான் இருக்கா?"

"படகு கவுந்ததுக்கு அப்புறம் எடுத்ததுங்க. புடவை கூட நனையல."

சொன்னது தானா என்று ஷ்யாமளாவுக்கே ஆச்சரியம்.

"வேற யாராவது பார்த்தாங்களா?"

அவன் கதவைப் பார்த்தான். அவள் கத்திரிக்கோலை எடுத்தாள்.

"கிட்ட வராதீங்க! அவங்களை என்ன பண்ணினீங்க?"

"ஐயோ, அதைக் கீழ வைம்மா! அவ உசுரோடதான் இருக்கா!"

"என்னது?!"

அனந்தராமன் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"கோயில், மார்க்கெட் வரைக்கும் ஒழுங்காத்தான் போச்சு. ராத்திரி ஊர் சுத்தலாம்னா. பார்ல அந்தப் படம் எடுத்ததும், போதும், ரூமுக்குப் போய் புளிக்காய்ச்சல் சாதம் சாப்பிடலாம்னேன். நியூஜெர்சியிலேர்ந்து ரைஸ் குக்கர் தூக்கிட்டுப் போயிருந்தேன்ல! அங்க பிடிச்ச சண்டை... ஏர்போர்ட்ல முடிஞ்சுது. 'ஊர்ல என்னன்னு சொல்லுவே?'ன்னு கேட்டா. 'படகு கவுந்து நீ போயிட்டேன்னு சொல்றேன்'ன்னேன். 'நல்ல ஐடியா!'ன்னு சிரிச்சுட்டு சான்ஃபிரான்சிஸ்கோ ஃபிளைட் ஏறிட்டா. டிவோர்ஸ் பேப்பர் கூட போன மாசம் வந்துடுச்சு."

"அதை ஊர்ல சொல்றதுக்கென்ன?"

"டிவோர்ஸுன்னா சிரிப்பாங்க. செத்துட்டான்னா சாம்பார் வருது!"

டிரிங்... டிரிங்...!

ஷ்யாமளா பாய்ந்து எடுத்தாள்.

"என்னம்மா ஷ்யாமளா? அழுத மாதிரி மெசேஜ் விட்டிருக்கே?"

ஷ்யாமளா கண்ணை மூடிக் கொண்டாள். ஒரே மூச்சில் சொன்னாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் அண்ணி!"

அண்ணி இப்போது வெடிக்கப் போகிறாள்...

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தே!"

"அண்ணி...?"

"உனக்கும் அவருக்கும் அஞ்சு பொருத்தம்தான். உங்கண்ணன் பிடிவாதத்துக்காகத்தான் பேசி முடிச்சேன். நேத்து சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல குபெர்டினோலேர்ந்து ஒரு பொண்ணு ஜாதகம் ஃபேக்ஸ்ல வந்துச்சு. அவரோடதோட சேர்த்துப் பார்த்தா... பத்துக்கு ஒன்பது! அந்தப் பொண்ணும் பாவம், புருஷனைப் பறிகொடுத்தவ."

ஷ்யாமளாவின் புருவம் உயர்ந்தது. ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினாள்.

"புருஷன் எப்படி செத்தாராம் அண்ணி?"

"பாங்காக்ல... படகு கவுந்து!"

அனந்தராமனின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது.

"பொண்ணு பேரு?"

"ராஜலக்ஷ்மி. அவரோட மொதல் சம்சாரம் பேரும் அதேதானே? தெய்வச் செயல்னா இதான்! கூப்பிட்டுப் பழகின பேரு, மாத்திக்கக் கூட வேணாம். பேசி முடிச்சுடவா?"

"முடிச்சுடுங்க அண்ணி!"

போனை வைத்தாள்.

"என்னைச் சாகடிச்சுட்டாளே!" என்று அலறினான் அனந்தராமன். "அதுவும் என்னோட படகுலயே!"

ஷ்யாமளா சந்தன மாலையை மடித்து, கடைப் பையில் போட்டு, அவன் கையில் வைத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் ஆணை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தாள்.

"கங்கிராட்ஸ் சார்! ஹனிமூனுக்கு பாங்காக் மட்டும் வேணாம்... அங்க படகு ரொம்பக் கவுருதாம்!"