குழலில் அடைத்த துணி

மந்திரமூர்த்தி இன்னும் ஊதவில்லை. அதற்குள் துப்பாக்கிக் குழலின் மறுமுனையைப் பொத்தியிருந்த அவன் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டது.

கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். துப்பாக்கி பழுது பார்க்கிற எவனும் குழலைக் கழற்றியதும் முதலில் செய்கிற வேலை இதுதான். தோட்டா நுழைகிற பக்கம் வாயை வைத்து ஊதி, மறுபக்கம் காற்று வருகிறதா என்று கையால் பார்ப்பான். பதினெட்டு வருஷமாகச் செய்கிற காரியம். இன்றைக்கு அவன் உதடு இரும்பில் படக்கூட இல்லை. சாரல் காற்று எந்தச் சந்து வழியாகவாவது வந்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஜன்னலுக்கு நேராகக் குழலைத் தூக்கிக் கண்ணை வைத்தான். இருட்டு. உள்ளே நன்றாக அடைத்திருந்தது. அடைத்த குழலில் காற்று எப்படி வரும் என்று அவன் வேண்டுமென்றே யோசிக்கவில்லை.

1937ஆம் வருஷத்து ஆடி. மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை ஒட்டியிருந்த அவன் வீட்டில், பட்டறைக்குள் லாந்தர் எரிந்தது. மூன்று நாளாக மலையே தெரியவில்லை. ஓட்டில் சாரல் சலசலத்துக்கொண்டே இருந்தது. பெரிய மழையாகக் கொட்டித் தீர்த்தாலாவது நிம்மதியாக இருக்கும், இதுவோ விடாமல் காதுக்குள் கிசுகிசுக்கிற மழை. மண்ணெண்ணெய் வாசனையும் ஈரச் சாக்கின் வாசனையும் அறைக்குள் தேங்கிக் கிடந்தன.

முன்னறைக்குப் போனான். குற்றாலத்துப் பங்களாவின் காவல்காரன் இசக்கிப்பாண்டி, குடையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். ரைபிளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தவன் அவன்தான்.

“ஏலே இசக்கி, என் தம்பி எங்கலே?”

“செங்கோட்டைப் பக்கம் போயிட்டான் அண்ணாச்சி. அப்படித்தான் சொல்லச் சொன்னாக.”

“யாரு சொல்லச் சொன்னா?”

இசக்கிப்பாண்டி குனிந்து குடைக்கம்பியை நோண்டினான். “சாயங்காலத்துக்குள்ள அடைப்ப எடுத்துத் தந்திருங்க. மொதலாளி காத்துக்கிட்டு இருக்காக. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்.”

தம்பி சுடலைக்கண்ணு, பங்களா முதலாளியோடு நாலு நாளைக்கு முன்னால் வேட்டைக்குப் போனவன். இந்த ரைபிளைத் தோளில் போட்டுக்கொண்டுதான் போனான். அவன் பெண்டாட்டி ஆவுடைத்தாய்க்குக் கல்யாணமாகி ஏழு மாதம். நாலு நாளாக வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அடுக்களையிலிருந்து ஓடி வருகிறாள். இசக்கிப்பாண்டி வந்தபோதும் வந்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மந்திரமூர்த்தி பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டான். பயமாக இருந்தது. அவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது.

சாரல் காலத்தில் தண்ணீர் இறங்கிக் குழல் துருப்பிடித்துவிடும் என்று, மெழுகில் முக்கியெடுத்த துணியைக் குழலின் வாயில் திணித்துக்கொண்டு காட்டுக்குப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். துணியின் வால் வெளியே தொங்க வேண்டும், சுடும் முன் கண்ணில் பட்டு உருவி எறிவதற்காக. தம்பி வேட்டைக்குக் கிளம்பிய அன்றைக்கு மெழுகு உருக்கித் துணியைத் திணித்துக் கொடுத்தவன் மந்திரமூர்த்தி. ஒரு சொட்டுக்கூட இறங்கக் கூடாது என்று குச்சியால் குத்தி, வாலையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டான். பெரிய கெட்டிக்காரத்தனம். எடுத்துவிட்டுச் சுடு என்று சொன்னோமா? மெழுகு கையில் பட்டுச் சுட்டது ஞாபகம் இருந்தது, தம்பி சிரித்தது ஞாபகம் இருந்தது, சொன்னது மட்டும் எவ்வளவு துழாவியும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மேஜையில் கிடந்த, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கிற போல்ட்டைப் பார்த்தான். விண்டிருந்தது. யாரோ நன்றாகத் துடைத்திருந்தார்கள். விண்ட இடுக்கில் மட்டும் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. அடைத்த குழலில் சுட்டால் போல்ட் பின்னால் பாயும். சுடுகிறவன் முகத்தில்தான் பாயும்.

ஒருவேளை வேறு யாராவது சுட்டிருக்கலாம். தம்பி பயந்துபோய் நிஜமாகவே செங்கோட்டைக்கு ஓடியிருக்கலாம். அடைப்பை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், வேறு துணியாக இருந்தாலும் இருக்கும் என்று ஓர் அசட்டு நம்பிக்கையோடு அவன் வேலையில் இறங்கினான்.

மூலையில் நின்ற பிரஸ் இரும்பாலானது. மேலே கைப்பிடியைச் சுற்றினால் நடுவில் திருகு இறங்கி அழுத்தும். அதன் மேஜையில் ஒரு துளை. குழலின் வாய் அதன் வழியே கீழே தொங்கும்படி தலைகீழாக நிறுத்தி, முளை அடித்து இறுக்கினான். நீளத் தண்டை விட்டு அழுத்தினால் வளைந்து குழலைக் கீறிவிடும் என்பதால், நாலு அங்குலப் பித்தளைத் துண்டுகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டுத் தள்ளுவது அவன் முறை. குழல் இருபத்துநாலு அங்குலம். ஆறு துண்டு போனால் அடைப்பு கீழே விழுந்தாக வேண்டும்.

ஒன்று போனது. இரண்டு. எண்ணெய் விட்ட திருகு முனகிக்கொண்டே இறங்கியது. மூன்றாவது துண்டில் கை கனத்தது. மெழுகுத் துணியை அழுத்தினால் ஒரே சீராகக் கனக்கும், இது கனத்து, இளகி, மறுபடி கனத்தது. நாலு. ஐந்து. ஆறு.

கீழே எதுவும் விழவில்லை.

ஏழாவது துண்டைப் போட்டான். போனது.

எட்டு. ஒன்பது. அதுவும் போனது.

மேலிருந்து எட்டிப் பார்த்தான். பித்தளையே தெரியவில்லை. இருட்டுதான். ஒன்பது துண்டும் எங்கே போயின? அவன் முதுகெல்லாம் வியர்த்திருந்தது. பத்தாவதைப் போட்டுக் கைப்பிடியைப் பற்றினான். பற்றிய கையை இழுத்துக்கொண்டு கைப்பிடி பின்பக்கமாகக் கால் சுற்று சுற்றியது.

அவன் சுற்றவில்லை.

முன்னால் தள்ளினான். அது பின்னால் தள்ளியது. உள்ளே யாரோ தோளைக் கொடுத்து நிமிர்கிற கனம். நனைந்த தலைமுடியின் வாசனை.

“அண்ணே.”

மேஜைக்கு அடியிலிருந்து வந்தது குரல்.

“அண்ணே, வலிக்கி.”

மந்திரமூர்த்தியின் கை கைப்பிடியோடு ஒட்டிப்போனது. தம்பியின் குரல்தான். முன்னால் சுற்றினால் நசுங்குவான். விட்டால் உள்ளேயே கிடப்பான். எது சரி? எந்தப் பக்கம்?

“எடுக்கணும்னு நீ சொல்லலையே அண்ணே.”

முன்னறையில் நாற்காலி சாய்ந்தது. இசக்கிப்பாண்டி சாரலில் இறங்கி ஓடுகிற சத்தம் சாலைவரை கேட்டது.

மந்திரமூர்த்தி அழுதான். சத்தம் வரவில்லை. லாந்தரை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்தான். மெழுகுத் துணி வழுக்கித் தரையில் விழுந்தது. அவன் கிழித்துக் கொடுத்த அதே துணி. அதற்கு மேலே, குழலின் வாயில், சுண்டுவிரல் நுனிகூட நுழையாத அந்த ஓட்டையில், ஒரு நகம் தெரிந்தது. பிறகு விரல். அதன் பக்கத்தில் இன்னொன்று. நாலு விரல்கள், இரும்பு விளிம்பைப் பற்றிக்கொண்டு, தடவித் தேடின.

அடுக்களையில் பாத்திரம் விழுந்தது. ஓடி வருகிற காலடி. கதவுக்கு வெளியே அவனைக் கூப்பிடும் ஆவுடைத்தாயின் குரல், நாலு நாளுக்குப் பிறகு சிரிப்போடு.

“அத்தான், அவுக பேசுதாகளே. வந்துட்டாகளா?”

உள்ளே வராதே என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. கதவு திறந்தது.

நாலு விரல்களும் தேடுவதை நிறுத்தின. மெல்ல, அவள் நின்ற பக்கம் திரும்பின.