நூற்று இருபது, எண்பது

காலை 6.40. கோக்-சாய் மருத்துவமனை, இரண்டாம் மாடி. ஆறாம் கட்டிலில் மைராம் இறந்தாள். வயது இருபத்தாறு. முந்தைய நாள் மாலைதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. ரத்தம் மெத்தையின் அடி வரை இறங்கியிருந்தது.

காலை 8.15. போலீஸ் கேப்டன் சாபிரா வந்தபோது மாடிப்படியில் மைராமின் கணவன் இஷென் உட்கார்ந்திருந்தான். மடியில் துண்டு சுற்றிய தூக்குவாளி. பிள்ளை பெற்றவளுக்குக் கொண்டு வந்த ஆட்டுச் சூப். அவன் அதைக் கீழே வைக்கவில்லை.

தலைமை நர்ஸ் ரைசா கைப்பையிலிருந்து சாவி எடுத்து முதல் மாடியில் இருந்த பயிற்சி அறையைத் திறந்தாள்.

"இங்க உட்காருங்க. எதையும் தொட்டுடாதீங்க. பத்து மணிக்கு பிஷ்கேக்ல இருந்து குழு வருது."

செவிலியர் பயிற்சியைப் பார்வையிடத் தலைநகரிலிருந்து வரும் குழு. சுவரில் 'நோயாளியின் பாதுகாப்பே முதல்' என்று புதிதாக எழுதியிருந்தது. கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை, கழுத்து வரை வெள்ளை விரிப்பு. வெளியே நீட்டிய கையில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டை. டயலின் முதுகில் சிவப்புப் பெயின்டில் 317.

சாபிரா கண்காணிப்புத் தாளைப் பார்த்தாள். இரவு பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து. ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் 120/80, நாடி 72. பக்கத்தில் நர்ஸ் பெகிமாயின் சுருக்கொப்பம்.

"நாலு தடவையும் ஒரே எண்ணா?"

"உடம்பு நல்லா இருந்தா அப்படித்தான்" என்றாள் ரைசா. "புதுப் பொண்ணு. வந்து நாலு மாசம். பயிற்சியில முதல் மார்க், வேலையில தூக்கம். ஜெயிலுக்குப் போனாத்தான் புத்தி வரும்."

காலை 8.50. வார்டு. பெகிமாயின் சட்டைக் கை முழங்கை வரை ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

"இது உன் கையெழுத்தா?"

"இல்லக்கா. ஆறே முக்காலுக்கு டாக்டர் ஃபைலை வாங்கிட்டுப் போனாரு. திரும்பி வந்தப்ப என் தாள் இல்ல. இதுதான் இருந்துச்சு."

"நீ என்ன எழுதியிருந்த?"

"மூணு மணிக்கு நாடி நூத்தி இருபத்தெட்டு. டாக்டருக்கு ரெண்டு தடவை போன் அடிச்சேன். கீழே ஓடிப் போய்க் கதவைத் தட்டினேன். திறக்கல. அப்புறம் வயித்தை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். கையை எடுத்தா ரத்தம் கொட்டுது. பதினோரு பேருக்கு நான் ஒருத்திதான்கா."

"சரி. பிரஷர் எவ்வளவு இருந்துச்சு?"

பெகிமாய் வாசலைப் பார்த்தாள். அங்கே ரைசா நின்றிருந்தாள்.

"ரைசாக்கா, ஒரு டீ கிடைக்குமா?"

"நான் தலைமை நர்ஸ். டீக்கடை வைக்கல."

"அப்ப சும்மாவாவது வெளியே போய் நில்லுங்க."

ரைசா போனாள். பெகிமாய் குரலைத் தாழ்த்தினாள். "அதைக் கேக்காதீங்கக்கா. சொன்னா சான்றிதழைப் பிடுங்கிடுவாங்க" என்றாள்.

எல்லா வார்டுகளையும் போல இங்கும் கதவின் உட்புறம் சாமான் பட்டியல் ஒட்டியிருந்தது. கட்டில் பன்னிரண்டு. வாளி இரண்டு. கடிகாரம் ஒன்று. ரத்த அழுத்தக் கருவி ஒன்று, எண் 317. சாபிரா அதை இரண்டு தடவை படித்தாள்.

காலை 9.20. கீழ்த்தளம், இரவுப் பணி டாக்டர் ஊலானின் அறை. சோபாவில் தலையணை. காலடியில் மின் கணப்பு. மேஜைக் கண்ணாடியின் அடியில், பழுதுபார்க்க அனுப்பிய ரத்த அழுத்தக் கருவிக்கான ரசீது, மூன்று மாதம் பழையது.

"ராத்திரி மாடிக்கு எத்தனை தடவை போனீங்க?"

"ரெண்டு தடவை. பதினொண்ணுக்கு ஒண்ணு, மூணுக்கு ஒண்ணு."

"மூணு மணிக்கு பிரஷர் பார்த்தது யாரு?"

"நர்ஸ்தான். என் கண்ணு முன்னாடி."

"எந்தக் கையில?"

"வலது கை. இதெல்லாம் எதுக்கு?"

"எவ்வளவு காட்டுச்சு?"

"நூத்தி இருபது, எண்பது. தாள்லயே இருக்கே."

"ஒரு நிமிஷம் மேலே வாங்க டாக்டர்."

காலை 9.40. பயிற்சி அறை. சாபிரா பொம்மையின் கையிலிருந்து பட்டையை அவிழ்த்தாள். டயலைத் திருப்பிக் காட்டினாள்.

"முந்நூத்திப் பதினேழு. மேல்மாடிக்கு இருக்கிறதே இந்த ஒண்ணுதான். ரைசாக்கா, இது எப்ப இங்க வந்தது?"

ரைசா சாவியை உருட்டினாள். "நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு. குழு வருதேன்னு... பொம்மை கை வெறுமையா இருந்தா என்ன நினைப்பாங்க?"

"ராத்திரி சாவி எங்க இருந்துச்சு?"

"என் வீட்டுல."

ஊலான் உதட்டை நக்கினான். "வேற மெஷின் ஏதாவது..."

"கீழே இருந்தது பழுதுக்குப் போயிருக்கு. ரசீது உங்க மேஜையிலதான் இருக்கு." சாபிரா தாளை நீட்டினாள். "இதுல பெகிமாய் எழுதியிருந்தா நாடி மட்டும்தான் இருந்திருக்கும். பிரஷர் எழுத அவகிட்ட கருவி இல்ல. கருவி இல்லைங்கிறதே தெரியாத ஒருத்தர்தான் இதை எழுத முடியும். ஒரே ஒரு தடவை மாடி ஏறியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் டாக்டர். நீங்க ஏறவே இல்ல."

ஊலான் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கெட்ட எண்ணத்துல எடுக்கலம்மா" என்றாள் ரைசா.

"தெரியும். அதையும் எழுதிக்கிறேன். அந்தப் பொண்ணு வாயை அடைச்சதையும் எழுதிக்கிறேன்."

கருவியைச் சாட்சிப் பையில் போட்டு அரக்கு வைத்தாள். ஒரு காவலர் ஊலானைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனார்.

காலை 10.05. குழு வந்தது. தலைவர் பொம்மையின் வெறுங்கையைப் பார்த்தார். படிவத்தில் எழுதினார்: பயிற்சிக் கருவிகள் போதவில்லை.

நடைக்கூடத்தில் பெகிமாய் ஓடி வந்தாள். சட்டையை மாற்றியிருக்கவில்லை.

"அக்கா, நாலாம் கட்டிலுக்கு வலி எடுத்திருச்சு. தலை சுத்துதுங்கிறா. மெஷின் வேணும்."

அரக்கு வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதை உடைத்தால் நாளை ஊலானின் வக்கீல் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பான். சாபிராவுக்குத் தெரியும். உடைத்தாள்.

பெகிமாய் கருவியை வாங்கிக்கொண்டு மேலே ஓடினாள். படியில் இஷென் வழிவிட்டு ஒதுங்கினான். அவள் கையிலிருந்ததைப் பார்த்தான்.

"நேத்து ராத்திரி இது எங்க இருந்துச்சு?" என்று சாபிராவிடம் கேட்டான்.

அவள் பொய் சொல்ல நினைத்தாள். வரவில்லை. "பயிற்சி அறையில. பொம்மையோட கையில."

இஷென் தலையாட்டினான். தூக்குவாளியை மெல்லக் கீழே வைத்தான்.

"பொம்மைக்கு எவ்வளவு இருந்துச்சாம்?"