திக்காத பிளேயர்

தக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ரப்பர் ஷீட் கடையின் புகை நாற்றத்துக்கு நடுவே, முருகதாஸின் பழைய சாமான் கடை இருந்தது. மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிளஸ்ஸி அங்கே போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு ஒரு சிடி பிளேயர் வேண்டும், அதுவும் மலிவாக வேண்டும். குவைத்தில் நர்ஸ் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள் கையில் என்ன மிஞ்சும்?

முருகதாஸ் மேல்தட்டில் இருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். கல்ஃபில் இருந்து திரும்பிய யாரோ வீட்டைக் காலி செய்தபோது தள்ளிவிட்டுப் போன சாமான்.

"ஜப்பான் சாதனம் மோளே. லென்ஸ் நானே தொடச்சு வச்சிருக்கேன். கீறல் விழுந்த சிடி போட்டாலும் இது திக்காது."

"திக்கிச்சுன்னா கொண்டுவந்து உம்ம தலையிலயே கெட்டுவேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அக்கா செத்த நாளில் இருந்து அவள் யாரிடமும் விளையாட்டுக்குப் பேசுவதில்லை.

அக்கா ஜாஸ்மி, புருஷன் வீட்டுக் கிணற்றில் விழுந்து செத்தாள். பிளஸ்ஸிக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கத்துக்கு வர முடியவில்லை. அவர்கள் சபையில் மைக் பார்க்கிறவர் உலகம் மாறியதே தெரியாதவர் போல இன்னமும் சிடியில்தான் பதிவு செய்து கொடுப்பார். அடக்க ஆராதனை சிடி வீட்டில் இருந்தது. போட்டுக் கேட்கத்தான் ஒன்றும் இல்லை.

அதைக் கேட்காமல் அவளுக்கு ஆறாது. ஏனென்றால் மறுநாள் ஜாஸ்மியின் புருஷன் பிபின் வருகிறான், இவளைக் கட்டிக்கொள்வதைப் பேசி முடிக்க. கைக்குழந்தையை யார் பார்ப்பது என்று ஊரில் எல்லாருக்கும் அக்கறை பொங்கி வழிந்தது. ஜாஸ்மி கன்னம் வீங்கி வந்து நின்றபோது ஒருத்தருக்கும் பொங்கவில்லை. பேச்சை முன்னின்று நடத்துகிறவர் தாய்மாமா ஆபேல். "எங்களுக்கு ஆர் மேலயும் சந்தேகம் இல்ல" என்று போலீஸிடம் சொன்னவரும் அதே மாமாதான். அம்மா நேசபாய் அழுது அழுது, எதற்கும் தலையாட்டுகிற நிலைக்கு வந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பிளஸ்ஸி சிடியைப் போட்டாள். பக்கத்தில் அம்மா மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். பாட்டு வந்தது, ஜெபம் வந்தது. எல்லாம் தெளிவு. யாரோ மூக்கைச் சிந்துவதுகூடக் கேட்டது. பிறகு சிடியில் பிபின் பேசினான்.

"காலையில அவ கெணத்துல தண்ணி கோரிட்டு நின்னா. நான் தள்ளி—"

திக்கியது.

"நான் தள்ளி— நான் தள்ளி— நான் தள்ளி—"

பிளஸ்ஸி முருகதாஸின் பரம்பரையையே திட்டிக்கொண்டு சிடியை வெளியே எடுத்தாள். சிடி முழுக்க ஈரம். கூடவே பாசி பிடித்த கிணற்றின் குளிர்ந்த நாற்றம் அடித்தது. மழைக் காற்றாக இருக்கும் என்று சால்வையால் துடைத்தாள். கிறிஸ்துமஸ் பாட்டு சிடி ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். கடைசி வரைக்கும் சுத்தமாகப் பாடியது.

மறுபடியும் அடக்க ஆராதனை.

"நான் தள்ளி— நான் தள்ளி—"

"அம்மா, அத்தான் அன்னைக்கு என்ன சொன்னாரு?"

"'நான் தள்ளி நின்னு பல்லு தேச்சிட்டிருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன்'னு சொன்னாரு மக்கா. கேட்டவங்க எல்லாம் அழுதாங்க."

முருகதாஸிடமே திருப்பிக் கொடுக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளஸ்ஸி அப்போதே பஸ் ஏறினாள். கூட்டம் நெரித்தது.

"தள்ளி நில்லுங்கக்கா," என்றார் கண்டக்டர்.

தள்ளி நின்றாள். பக்கத்தில் ஒருத்தி, இன்னொருத்தியிடம் சீறினாள். "ஏட்டி, புள்ளைய கீழ தள்ளி விட்டுராத!"

பிளஸ்ஸிக்குக் காது அடைத்துக்கொண்டது.

ஒரே சொல்தான். தள்ளியும் நிற்கலாம். தள்ளியும் விடலாம்.

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, பெட்டியைச் சால்வையில் பொத்திக்கொண்டு மழையில் திரும்பி நடந்தாள். அவளுக்குப் பயமே வரவில்லை.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து பிபின் வெள்ளைச் சட்டையில், கையில் கேக் பெட்டியோடு வந்தான். ஆபேல் மாமா நடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"அத்தான், பேசுறதுக்கு முந்தி இதைக் கேளுங்க," என்றாள் பிளஸ்ஸி.

"நான் தள்ளி— நான் தள்ளி— நான் தள்ளி—"

பிபினின் முகம் வெளுத்தது. பிறகு சிரித்தான். "பழைய சாமானம் இல்லியா, திக்குது. அணைச்சுப் போடு."

அவள் சுவரில் இருந்து பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் விளக்கு அணைந்தது.

"நான் தள்ளி— நான் தள்ளி—"

சத்தம் நிற்கவில்லை.

இப்போது அது பெட்டியில் இருந்து வரவில்லை.

பிபினின் வாயில் இருந்து வந்தது.

அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். விரல் இடுக்கில் தண்ணீர் வழிந்தது. அறை முழுக்கப் பாசி நாற்றம் பரவியது. நேசபாய் மெல்ல எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

"தள்ளி?" என்று கேட்டாள்.

பிபினின் கைகள் தாமாகக் கீழே இறங்கின. வாய் திறந்தது. வந்த குரல் அவனுடையது அல்ல.

"தள்ளி விட்டாரும்மா."

நேசபாய் பெற்று, பெயர் சொல்லி வளர்த்த ஜாஸ்மியின் குரல். அவள் கத்தவில்லை. கை ஓங்கி அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். அவன் தரையில் சரிந்தான்.

"பிளஸ்ஸி, போலீஸை விளி."

பிளஸ்ஸி போனை எடுத்தாள். ஆபேல் மாமா துள்ளி எழுந்தார்.

"போனைக் கீழ வை! குடும்ப மானம் போயிரும். பேய் பிடிச்சவன் ஒளறுகதை எவனாவது நம்புவானா? அவ என்கிட்ட வந்து ஒண்ணும் சொல்லல்ல. நான் அறிஞ்சு—"

நின்றார். எச்சில் விழுங்கினார். மறுபடி வாயைத் திறந்தார்.

"நான் அறிஞ்சு— நான் அறிஞ்சு— நான் அறிஞ்சு—"

அவர் உதட்டோரத்தில் தண்ணீர் கசிந்தது.