பெஞ்சு போட்ட ஜீப்

"இடம் இல்லியேப்பா. நான் பஸ்ஸுலயே வர்றேன்" என்றாள் கீரைக்காரக் கங்கையம்மாள்.

செவிலிமேடு பஸ் நிறுத்தத்தில் ஜீப்பை ஓரங்கட்டி அவளைக் கூப்பிட்ட பஞ்சாட்சரம் திரும்பிப் பார்த்தான். பின்னால் இரண்டு பக்கமும் நீள பெஞ்சுகள். இரண்டும் காலி.

"இம்மாம் இடம் இருக்குதேக்கா?"

"காலங்காத்தால இன்னா விளையாட்டு இது? முட்டி இடிக்க உக்காந்துக்கினு இருக்காங்க. நான் எங்க உக்காருவேன்?" கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

"அந்தக்காவுக்குக் கண்ணுல புரை" என்றாள் முன் இருக்கையில் இருந்த கமலாட்சி. இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

ராணுவம் கழித்துவிட்ட ஜீப் அது. ஏலத்தில் எடுத்து, மூன்று மாதம் தறியை நிறுத்திவைத்து, துருவைத் தேய்த்து, பம்பு மாற்றி அவன் ஓட்டத்துக்குக் கொண்டுவந்தது மனைவிக்காகத்தான். வாரத்தில் மூன்று நாள் அவளுக்கு டயாலிசிஸ். திரும்பும்போது ஆட்டோ குலுக்கலில் துவண்டுவிடுவாள். படுத்துவர பெஞ்சு வேண்டும். வண்டி வந்தபோது உள்ளே பெஞ்சு இல்லை, தரையில் போல்ட் துளைகள் மட்டும் இருந்தன. தறியின் சீப்பு போன்ற அச்சில் ஒரு பல்லைக்கூட இழையில்லாமல் விட்டுப் பழகாத கை, காலித் துளைகளைச் சும்மா விடவில்லை. எல்லாவற்றிலும் போல்ட் ஏற்றி, இரு பக்கமும் பெஞ்சு பொருத்தி, தானே நெய்த கெட்டித் துணியால் உறையும் போட்டான்.

அன்றைக்குப் பிறகுதான் கேட்கத் தொடங்கியது. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது பின்னால் பல பேர் ஒரே நேரத்தில் பூட்ஸை நகர்த்தி ஊன்றுவதுபோல் ஒரு சத்தம், அதற்குப் பின் யாரோ இருமலை விழுங்கியதுபோல் ஓர் அடங்கல், சித்திரை வெயிலிலும் நனைந்த கம்பளியும் பீடியும் கலந்து பிடரிக்குப் பின்னாலிருந்து மெல்ல மெல்ல முன்னுக்கு வரும் வாடை.

மெக்கானிக் ராமராஜன் குனிந்து பார்த்தான்.

"எட்டு பேரை ஏத்திக்கினு வந்து நிக்கிறியேணா. ஸ்பிரிங் பட்டையெல்லாம் படுத்துக்கிச்சி பாரு."

"காலி வண்டிப்பா."

ராமராஜன் நிமிர்ந்து உள்ளே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"பெஞ்சைக் கழட்டிட்டுதான ஏலத்துல உட்டாங்க. நீ எதுக்குணா திரும்ப மாட்டன?"

அங்கேயே இருவருமாகக் கழற்றினார்கள்.

மறுநாள் நிறுத்தத்தைத் தாண்டும்போது கங்கையம்மாள் குரல் கொடுத்தாள். "பாவம்பா, இன்னாத்துக்கு நிக்க வச்சிக்கினு போற?"

அவன் திரும்பவில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டான்.

"இன்னிக்கு ஒரு நாள்தான். அடுத்த தபா ஆட்டோவுலயே போயிடலாம்."

"ஏங்க, வண்டி நல்லாத்தான இருக்குது?" என்றாள் கமலாட்சி.

ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் அவள் படுக்கைப் பக்கத்திலேயே இருந்தான். முடியும் சமயத்தில் மாத்திரை வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டு வந்தபோது படுக்கை காலி.

"அம்மாவ உங்க ஆளுங்களே தூக்கிக்கினு போயிட்டாங்க சார்" என்றார் வாசல் காவலாளி. "எட்டு பேரு. பூ மாதிரி கொண்டுபோனாங்க. பச்சைச் சட்டை."

"எந்த ஆளுங்க?"

"உங்க வண்டியிலதான் ஏறினாங்க."

சாவி அவன் பையில் இருந்தது.

ஓடினான். உச்சி வெயில். வேப்ப மரத்தடியில் ஜீப். சுற்றிலும் யாருமில்லை. கம்பளி வாடை. கைப்பிடி ஐஸாகக் குளிர்ந்தது.

பின் கதவைத் திறந்தான்.

தரையில் அவள் இல்லை.

பெஞ்சு இருந்த உயரத்தில், அடியில் எதுவும் இல்லாமல், கமலாட்சி மல்லாந்து கிடந்தாள். புடவைக் கொசுவம் அந்தரத்தில் தொங்கியது. ஊசி எடுத்த இடத்தில் வைத்த பஞ்சு, யாரோ கட்டைவிரலால் அழுத்திப் பிடித்ததுபோல் குழிந்திருந்தது. ரத்தம் வரவில்லை. மூச்சும் வரவில்லை.

"கமலா."

அவளுடைய முந்தானை மெல்ல எழுந்தது. மோவாய். வாய். மூக்கு. திறந்திருந்த கண்கள்.

நெற்றியையும் மூடிய பிறகு, ஒரு சுருக்கம் விடாமல், இரண்டு பக்கமும் நீவிவிடப்பட்டது.