உள்ளே ஆள் இல்லை

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் அவன் தன் காலைப் பார்த்தான். இரண்டு ஷூவிலும் கயிறு கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு, மீந்த நுனிகள் உள்ளே செருகியிருந்தன. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர்கள் எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கட்டுகிற கட்டு அது. காலையில் கிளம்பும்போது அந்தக் கயிறுகள் அவிழ்ந்துதான் தொங்கின. வலது கை நசுங்கிய நாளிலிருந்து அவன் எதையும் முடிச்சுப் போட்டதில்லை. மனைவியையும் கட்ட விடமாட்டான். குனியும்போது அவள் தலைமுடி கையில் பட்டுவிட்டால்?

"இதை யார் கட்டினது?"

சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வேற யாரு, நீங்கதான். மருந்து ஏறி முடிஞ்சதும் எழுந்து உக்காந்து டக்டக்குனு கட்டினீங்க. ரெண்டு கையாலயும். நானும் நர்ஸும் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னோம்."

அவனுக்கு அப்படி எதுவும் நினைவில் இல்லை.

கெட்டமைன் ஏற்றினால் கொஞ்சம் மறதி வரும் என்று வலி மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். மாத்திரைகள் எல்லாம் கைவிட்ட பிறகு, முதுகில் போட்ட ஊசிகளும் வீணான பிறகு, கடைசியாக அவர் எடுத்த மருந்து அது. கையை வெட்டி எடுத்துவிடுங்கள் என்று அவன் ஒருநாள் கெஞ்சியபோது, "கையை எடுத்தாலும் வலி போகாதுங்க, அது நரம்புல உக்காந்திருக்கு" என்றார். உட்கார்ந்திருக்கிறது என்ற அந்தச் சொல்லை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

கை பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். கொஞ்சம் ஊதா, கொஞ்சம் பளபளப்பு, தொட்டால் ஐஸ். உள்ளே மட்டும் கொதிக்கும் எண்ணெய். மின்விசிறிக் காற்று பட்டால் அரம் கொண்டு ராவுவது போலிருக்கும். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தும் அதிர்வுகூட விரல் எலும்புவரை வந்து இடிக்கும். அவன் சட்டைகளின் வலது கையை எல்லாம் மனைவி முழங்கைக்கு மேலே வெட்டித் தைத்திருந்தாள். கட்டிலில் தான் புரண்டால் மெத்தை அசையும் என்று அவள் கூடத்துக்குப் போய்ப் படுத்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் அவன் அவளிடம் சொன்னதில் முக்கால்வாசி "கிட்ட வராதே"தான்.

விபத்தைப் பற்றி அவன் பேசுவதில்லை. லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரை முடுக்கும் முன் மேலே இருப்பவன் குழிக்குள் குரல் கொடுப்பான்: "உள்ள ஆள் இருக்கா?" பதில் வராமல் பொத்தானை அமுக்கக் கூடாது. அன்று அவன் குழியின் நடுவே, லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்துக்குப் பின்னால் கையை விட்டு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். கேள்வி காதில் விழுந்தது. அவன் வாய் திறப்பதற்குள், அவனுக்கும் கீழே, யாரும் இறங்காத இருட்டிலிருந்து ஒரு பதில் போனது.

"ஆள் இல்ல. ஓட்டு."

மேலே இருந்தவன், 'குண்டு' என்று அவன் கூப்பிடும் பதினைந்து வருடக் கூட்டாளி, ஆஸ்பத்திரியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "உன் குரல்தான்டா. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

அவனுக்கும் அது தன் குரல் போலத்தான் கேட்டிருந்தது.

ஷூ கட்டிய அந்த முதல் சிகிச்சைக்குப் பிறகு வலி சில நாள் பதுங்கியது. பிறகு வட்டியோடு திரும்பி வந்தது. அடுத்த முறைக்கு அவனே அவசரப்பட்டான்.

அறை சின்னது. சாய்வு நாற்காலி, மருந்தை அளந்து தள்ளும் இயந்திரம், சாம்பல் நிறத் திரைச்சீலை, ஈரத் துணியும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை. கூரையில் வெள்ளைப் பலகைகள். ஏசி துவாரத்தின் ஓரத்தில் டீ நிறத்தில் ஒரு கறை. நர்ஸ் இடது கையில் ஊசியைப் பொருத்திவிட்டு, "லிஃப்ட் அண்ணா, மேல போலாமா?" என்றாள். "எந்த மாடின்னு சொல்லுங்க" என்று மனைவி சேர்ந்துகொண்டாள். இருவரும் சிரித்தார்கள்.

மருந்து ஏறியது. முதலில் நாக்கு மரத்தது. இயந்திரத்தின் டிக் டிக் நீண்டு, இழுபட்டு, தூரத்துக் கிணற்றில் சொட்டும் தண்ணீரானது. நாற்காலியின் கனம் விலகியது. காலின் கனம். பிறகு, நம்ப முடியாமல், கையின் கனம். வலி இல்லை. அவன் அந்த டீக்கறையின் பக்கத்தில் இருந்தான். பலகை இடுக்கின் தூசி வாடை மூக்கருகே வந்தது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக அழத் தோன்றியது, சந்தோஷத்தில்.

கீழே பார்த்தான். நாற்காலியில் அவன் உடம்பு கிடந்தது. கண் திறந்திருந்தது. அது அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அது முகத்தைத் திருப்பி மனைவியிடம் ஏதோ சொன்னது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது வலது கையை நீட்டி, அந்த வலது கையை, அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டது. அவள் சிரிப்பு நின்றது. கண் நிறைந்தது.

இறங்கி வந்ததும் வலி வாசலிலேயே காத்திருந்தது போல ஏறி உட்கார்ந்தது. அவன் அலறிய அலறலில் நர்ஸ் ஓடிவந்தாள்.

"மேல மிதக்கற மாதிரி இருக்கும், தன்னையே பாக்கற மாதிரி இருக்கும், எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார் மருத்துவர். "அடுத்தது கடைசி. அளவைக் கொஞ்சம் கூட்டுவோம். அதோட நல்லாயிடும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு."

"எனக்கு அடுத்தது வேணாம்" என்றான் அவன், வீட்டுக்கு வந்ததும்.

மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைக்க அவள் பழகியிருந்தாள். "ஏன்?"

"அது நான் இல்ல. அங்க உன்கூடப் பேசறது."

"மருந்து மயக்கத்துல நல்ல மனுஷனாயிடறீங்க, அவ்வளவுதான்." கேலியாகத்தான் தொடங்கினாள். குரல் உடைந்துவிட்டது. "என் முகத்தைத் தொட்டீங்க. ரெண்டு வருஷமா நான் இந்த வீட்டுல செருப்பைக்கூடத் தூக்கித் தூக்கி வச்சு நடக்கறேன். திட்டு வாங்கறேன், பரவாயில்ல. ராத்திரி நீங்க தலையணையைக் கடிச்சுக்கிட்டு அழறதைக் கேட்டுக்கிட்டுக் கிடக்கறேன். அது யாரா இருந்தா..."

அவள் நிறுத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தை இருவரும் முடிக்கவில்லை. ஆனால் அது அறைக்குள்ளேயே இருந்தது.

அவன் வெகுநேரம் யோசித்தான். மருந்து இல்லாவிட்டால் இந்தக் கை, இப்படியே, சாகும்வரை. இவள் கூடத்தில், இப்படியே. தனக்குத்தான் புத்தி கெட்டுவிட்டதோ என்றும் சந்தேகம் வந்தது. கடைசியில் ஒரு யோசனை சொன்னான். பழைய வேலைக்காரனின் யோசனை.

"சரி, வர்றேன். ஆனா மருந்து முடிஞ்சதும் என்னைக் கூப்பிட்டுப் பாத்து நம்பிடாதே. பதில் வரும். என் குரல்லயே வரும். அதை நம்பித்தான் குண்டு பொத்தானை அமுக்கினான். நீ பஞ்சை எடுத்து என் கையில தொடு. நான் கத்தினா, அது நான். கத்தலேன்னா..."

"கத்தலேன்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம்."

"கத்தலேன்னா டாக்டரைக் கூப்பிடு. என்னைத் தேடச் சொல்லு. அதை மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டு வராதே. சத்தியம் பண்ணு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையசைத்தாள்.

கடைசி முறை சாயங்காலம் ஆகிவிட்டது. ஜன்னலில் வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்தது. மருத்துவர் அளவைச் சரிபார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். மனைவி கைப்பையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து அவனுக்குக் காட்டினாள். நாக்கு மரத்தது. டிக் டிக் நீண்டது.

கறை. தூசி வாடை. துவாரத்தின் குளிர்ந்த மூச்சு.

முதலில் எல்லாம் போன முறை மாதிரியே. வலி இல்லை. அவன் கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

அது விழித்திருந்தது. இம்முறை சிரிக்கவில்லை. வலது கையை முகத்தருகே தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தது. புது வீட்டில் குடியேறுகிறவன் கதவுகளைத் திறந்து மூடிப் பார்ப்பது போல.

ஒவ்வொரு விரல் மடங்கும்போதும் அவனுக்குள் ஏதோ வந்து சேர்ந்தது. நூல் மாதிரி. சுருக்கென்று. இங்கே அவனுக்குக் கை இல்லை. ஆனாலும் வலித்தது. முதலில் ஒரு விரல் அளவு. பிறகு உள்ளங்கை அளவு. கீழே அந்தக் கை சிவந்து, மனிதக் கையின் நிறத்துக்கு வந்தது. கொதிக்கும் எண்ணெய் மேலே ஏறியது.

இறங்க முயன்றான். இறங்க எதுவும் இல்லை. பிடிக்கக் கை இல்லை. ஊன்றக் கால் இல்லை. கத்த வாய் இல்லை.

இயந்திரம் நின்றது. நர்ஸ் ஊசியை எடுத்தாள். "லிஃப்ட் அண்ணா, இறங்கியாச்சா?"

"இறங்கியாச்சு" என்றது அது. அவன் குரல்.

நர்ஸ் வெளியே போனாள். மனைவி எழுந்தாள். பஞ்சைப் பிரித்தாள். தொடு. தொட்டுப் பார். அவள் பஞ்சை உள்ளங்கையில் வைத்து மெல்ல இழுத்தாள்.

மேலே அவன் எரிந்தான். முழுதாக. விளிம்பே இல்லாமல்.

கீழே கை அசையாமல் திறந்திருந்தது.

அவள் மறுபடி இழுத்தாள். விரல் இடுக்கில். மணிக்கட்டில்.

"வலிக்கலயா?"

"இல்லம்மா."

அவன் அவளை 'அம்மா' போட்டுப் பேசியதே இல்லை.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் பார்த்தான். அவள் தலை நிமிர்ந்தது. கண் பலகைகளில் தேடியது. துவாரம். கறை. நின்றது. கூப்பிடு. டாக்டரைக் கூப்பிடு. பக்கத்து அறைதானே.

அவள் உதடு ஒருமுறை திறந்தது.

பிறகு மூடிக்கொண்டது. பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டாள். அந்த வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள். அழுத்திப் பிடித்தாள். கூரையைத் திரும்பப் பார்க்கவில்லை.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அது குனிந்து ஷூவைக் கட்டியது. இரட்டை முடிச்சு. நுனிகளை உள்ளே செருகியது. இருவரும் கைகோத்து வாசலைத் தாண்டினார்கள். அறையைப் பூட்ட வந்த நர்ஸ் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உள்ள ஆள் இருக்கா?"

அது நின்றது. திரும்பியது. கறை இருந்த மூலையை நேராகப் பார்த்தது.

"ஆள் இல்ல."

விளக்கு அணைந்தது. சாவி திரும்பியது. காலடிகள் தேய்ந்து மறைந்தன.

இருட்டு.

இருட்டில் பஞ்சு மட்டும், மெல்ல, அவனை இன்னும் தொட்டுக்கொண்டிருந்தது.