எத்தனை கணினிகளில்?

முதலில் உறுத்தியது அந்தப் பதிவுக் குரலின் மூச்சுதான். கணினி இயங்குதளத்தின் உரிமத்தைத் தொலைபேசி வழியாகச் செயல்படுத்தும்போது கேட்கும் குரல், என்றோ யாரோ ஒரு பெண் பேசிப் பதிந்து வைத்தது. கேள்வி கேட்கும், எண்ணை அழுத்தும்வரை சும்மா இருக்கும். இன்று அந்த அமைதிக்குள், மழைச் சத்தத்துக்கும் அடியில், மெல்ல இழுத்து விடும் மூச்சு கேட்டது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டான்.

கூடத்து மேசையில் அவனுடைய மடிக்கணினி. அதற்குள், மென்பொருளாலேயே கட்டிய இன்னொரு கணினி, மெய்நிகர் இயந்திரம். பெட்டி கிடையாது, விசிறி கிடையாது. இறந்துபோன அண்ணனின் பழைய கணினியிலிருந்து வன்வட்டைக் கழற்றி, அப்படியே நகலெடுத்து, இந்த இல்லாத உடம்புக்குள் புகுத்தியிருந்தான். கூடு விட்டுக் கூடு பாய்வதுபோலத்தான். ஆனால் பழைய இயங்குதளம் லேசில் ஏமாறாது. விழித்ததும் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும். எல்லாமே மாறியிருந்தால், நீ நீதானா என்று கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும்.

"என்ன தம்பி, உள்ள விட்டுச்சா?" என்றாள் அண்ணி.

"பிடிவாதம் பிடிக்குது அண்ணி. அண்ணன் வளர்த்ததாச்சே."

அவள் சிரிக்கவில்லை. "அப்பா எப்படிப் பேசுவார்னு குட்டிமா கேட்டா. எனக்கே சட்டுனு ஞாபகம் வரல."

அதற்காகத்தான் இவ்வளவும். மகளுக்கு அண்ணன் படித்துப் பதிந்த கதைகள் அந்தப் பழைய மென்பொருளில் மட்டுமே திறக்கும். நகலெடுத்த கையோடு வட்டும் கரகரத்து நின்றுவிட்டது. இருப்பது இந்த ஒரு பிரதிதான்.

ஒரு குறுக்குவழியும் செய்திருந்தான். ஒவ்வொரு கணினியிலும் இணையத்தோடு இணைக்கும் வலையட்டைக்கு கைரேகைபோல ஓர் எண் உண்டு. பழையதன் எண்ணையே புதியதற்கும் எழுதிவிட்டான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஒரே வீட்டில் ஒரே எண்ணோடு இரண்டு கணினிகள் ஓடாமல் இருந்தால் போதும். பழையது மாடியறையில் கிடந்தது. வட்டு இல்லாமல், மின்கம்பி இல்லாமல். வெறும் தகரம்.

"இந்தப் பிரதி எத்தனை கணினிகளில் இருக்கிறது?" என்றது குரல்.

ஒன்றை அழுத்தினான்.

"இல்லை."

பதிவுக் குரல் அப்படிப் பேசாது. மறுபடியும் ஒன்று.

"இல்லை."

எரிச்சலில் இரண்டை அழுத்தினான்.

"நன்றி."

குரல் எண்களைச் சொல்லச் சொல்ல அவன் உள்ளிட்டான். திரை திறந்தது. நீல வானம், அண்ணனின் கோப்புறைகள். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரையின் மூலையில் சின்ன அறிவிப்பு: இதே எண்ணுடன் வேறொரு கணினி இயங்குகிறது.

அவன் வலையிணைப்பைத் துண்டித்தான். அறிவிப்பு போகவில்லை.

கதைகளின் வரிசையில், கடைசியில், பெயரில்லாத ஒரு கோப்பு. அதன் அளவு ஏறிக்கொண்டே இருந்தது. பதிவு நடக்கும்போதுதான் கோப்பு அப்படி வளரும்.

திறந்தான். மழை. நாற்காலியின் கிறீச்சல். பிறகு அண்ணன்.

"...வாலு மாதிரி அடம் பிடிக்காம படுக்கணும். உன் சித்தப்பனைத்தான் சொல்றேன்."

அவனை வாலு என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

"இதேதான்," என்றாள் அண்ணி, கண் கலங்க. "இதே குரல்தான்."

அது மாடியிலிருந்தும் கேட்டது. அரை நொடி முந்தி.

"குட்டிமா எங்க அண்ணி?"

"மேலதான். விளையாடிட்டு..."

இரண்டு பிரதி. ஒன்றை நிறுத்த வேண்டும். யோசிக்கவில்லை. மெய்நிகர் இயந்திரத்தை அணைத்தான். அழித்தான். மடிக்கணினி ஓய்ந்தது.

மாடிக்குரல் ஓயவில்லை. தெளிந்தது.

அப்போதுதான் உறைத்தது. ஒரே உரிமம். ஒரு பிரதியை அழித்தால், அந்த உரிமம் முழுவதும் மற்றதற்கு.

படிகள். சூடான தூசியின் வாசனை. கதவு.

திறந்து கிடந்த வெற்றுப் பெட்டியில் பச்சை விளக்கு. கம்பி இல்லை. அண்ணனின் நாற்காலியில் குட்டிமா, தரையை எட்டாத கால்களோடு. மெல்லத் திரும்பினாள். அந்தச் சின்ன வாய் திறந்தது. அண்ணனின் கட்டைக் குரல் வந்தது.

"லைட்ட அணைச்சிடு, வாலு. அவ தூங்கிட்டா."

அவள் கண்கள் திறந்தே இருந்தன.